பிடிக்கலையா, அரிக்குதா?

சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வருகிறவர்களில் யாராவது ஒருவர் தினமும் ஒரு ஃபிரேமைக் கையால் தள்ளிவிட்டு, "மெட்டல்னா எனக்கு அலர்ஜி சார்" என்பார். நான் உடனே கேட்பேன்: "பிடிக்கலையா, அரிக்குதா?"

பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தாத்தா காலத்து ஃபிரேம் மாதிரி இருக்கிறது என்பார்கள், முகம் ஒடுங்கித் தெரிகிறது என்பார்கள். மீதிப் பேர் தலையைத் திருப்பிக் காது மடலை வளைத்துக் காட்டுவார்கள். ஃபிரேமின் வளைவு அமரும் இடத்தில் தோல் சிவந்து தடித்திருக்கும், சிலருக்கு நீர் கசிந்துகொண்டிருக்கும். மலிவான உலோகத்தில் கலந்திருக்கும் நிக்கல் செய்யும் வேலை அது. அவர்களுக்கு நான் வேறு பெட்டியைத் திறப்பேன்.

கடையில் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் ஒரு ஃபிரேமோடு போய்விடும். என் மகளுக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அலர்ஜி என்ற சொல்லை யாராவது வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது இந்தச் சொல் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. எனக்கு முந்திரி ஆகாது. ஒரு துண்டு வாயில் பட்டால் உதடு வீங்கும், நாக்கில் முள் முளைத்த மாதிரி இருக்கும், விரலால் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுவேன். மார்கழித் திருவாதிரைக்கு ஊரே களி தின்னும். திருவாதிரையில் ஒரு வாய்க் களி என்பது எங்கள் ஊரில் சட்டம். அக்கம்பக்கத்திலிருந்து களிக் கிண்ணம் வந்தால் என் அம்மா, "அவனுக்கு முந்திரி ஒத்துக்காது" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ஒத்துக்காது என்றால் ஒத்துக்காது. எனக்கென்று முந்திரி போடாமல் கொஞ்சம் தனியாகக் கிண்டிக் கொண்டுவந்து தருகிற வீடுகளும் இருந்தன.

பிறகு டாக்டரின் சீட்டில் அலர்ஜி என்று எழுதிவந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு ஒவ்வாமை என்று நல்ல சொல் இருந்தது. அது பாவம், புத்தகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அலர்ஜி வெளியே வந்தது. ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி டீக்கடைக்குப் போனது, டிவிக்குப் போனது. ஒரு கட்சிக்கு இன்னொரு கட்சி அலர்ஜி என்றார்கள். திங்கட்கிழமை அலர்ஜி, மாமனார் வீடு அலர்ஜி, தலைக்கு எண்ணெய் வைப்பது அலர்ஜி. நோய்க்காரனிடமிருந்து சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அதில் இருந்த முகச்சுளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தொண்டை அடைப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

முகச்சுளிப்பு எங்களுக்குக் கிடையவே கிடையாது என்பதுதான் கொடுமை. எனக்கு முந்திரி பிடிக்கும். நெய்யில் முந்திரி சிவக்கிற வாசனை வந்தால் இந்த வயதிலும் எனக்கு எச்சில் ஊறும். என் மகள் கண்காட்சியில் பொம்மை பார்ப்பதுபோல் இனிப்புக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று முந்திரி பர்ஃபியைப் பார்ப்பாள். "நான் பெரிசானா சாப்பிடலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். எங்களைப் போய் வெறுப்புக்கு உதாரணம் காட்டுகிறார்கள்.

முந்திரி ஆகாதவன் கடலூர் மாவட்டத்தில் பிறக்கக் கூடாது. பிறந்தாலும் பண்ருட்டிப் பக்கம் பெண் எடுக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். என் மனைவியின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள். அந்தப் பக்கம் அதை முந்திரி கம்பெனி என்பார்கள். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது சாம்பார் தவிர எல்லாவற்றிலும் முந்திரி இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பந்தியில் இருந்த என் மனைவியின் சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு நம்ம ஊர் மேலயே அலர்ஜி போலக்கீது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். புது மாப்பிள்ளை, நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேச்சு வருஷக்கணக்காக விடவில்லை. நான் ஒரு விசேஷத்துக்குப் போகாவிட்டாலும், கடையைப் பார்க்க முன்கூட்டியே கிளம்பினாலும், அலர்ஜி என்றார்கள்.

அந்தக் கம்பெனியை நடத்துவது என் மனைவியின் அண்ணன், என் மச்சான். கெட்டவன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவன் கெட்டவன் இல்லை. குழந்தை பிறந்த செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவன் அவன். என் மகளைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். அவள் இரண்டு வயதில் யாரோ கொடுத்த பர்ஃபித் துணுக்கைத் தின்று உடம்பெல்லாம் தடித்து வாந்தியெடுத்தபோது, அப்பாவுக்கு இருப்பது இவளுக்கும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதை மச்சானிடம் நானே போனில் சொன்னேன். "சின்னக் கொழந்த, பழகினா சரியாயிடும் மச்சான்" என்றான். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அவன் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவனுடைய தொழில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்துபோகும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை முதல் சில நாள் அரை வேளைதான் உடைக்கவிடுவார்கள். கையில் விளக்கெண்ணெய் தடவி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். கொப்புளம் போடும், தோல் உரியும். மறுபடி கொஞ்சம் கூடுதலாக உடைக்கச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் கை காய்த்துப்போகும். "கை பழகிடுச்சி" என்பார்கள். மச்சானே அப்படிப் பழகியவன். அவன் உள்ளங்கை கறுத்து, ரேகை தேய்ந்து கிடக்கும். கை பழகாத பெண்களும் உண்டு. முழங்கை வரை வீங்கி, கண் இமை வரை தடித்துவிடும். அவர்களைப் பற்றி அந்தக் கொட்டகையில் என்ன சொல்வார்கள் தெரியுமா? வேலைன்னா அலர்ஜி என்பார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது காது குத்த முடிவானது. திருவதிகைக் கோயிலில், தாய்மாமன் மடியில். அதற்கு முன்னால் கோடை விடுமுறைக்கு என் மனைவியும் மகளும் பண்ருட்டிக்குப் போனார்கள். மகளுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, என் மனைவியே சமையல். அவ்வளவு கவனமாக இருந்தாள். காலையில் பால் மட்டும் மச்சான் ஆற்றிக் கொடுத்தான். மாமா ஆற்றினால்தான் குடிப்பேன் என்று குழந்தை அடம்பிடித்ததாக மனைவி போனில் சிரித்தாள். உதடு கொஞ்சம் தடித்திருக்கிறது என்றும் சொன்னாள். வெயில் சூடு, இளநீர் கொடு என்றேன். அப்படி ஒரு வெயில் அந்த வருஷம்.

காது குத்து அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து மச்சான் உட்கார்ந்தான். மகள் பட்டுப்பாவாடையோடு அவன் மடியில். காது குத்த வந்த பத்தர் கம்பியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் காப்பரிசி. பச்சரிசியை ஊறவைத்து, வெல்லம், தேங்காய், பொட்டுக்கடலை போட்டுப் பிசைவது. காது குத்துக்கு அதுதான் வழக்கம். கம்பி இறங்கும்போது குழந்தை வாயைத் திறந்து வீறிடும். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும். இனிப்பில் வலி மறந்துவிடும் என்று கணக்கு.

பத்தர் வலது காதில் குத்தினார். மகள் வீறிட்டாள். மச்சான் ஒரு பிடி காப்பரிசியை அவள் வாயில் வைத்தான். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவள் அழுதுகொண்டே மென்றாள், விழுங்கினாள். அழுகை நிற்கவில்லை. காது குத்தினால் குழந்தை அழத்தானே செய்யும்? குரல் கம்மிக்கொண்டு வந்தது. அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது என்றார் சித்தப்பா. பத்தர் இடது காதுக்குக் கம்பியை எடுத்தார்.

அப்போது அவள் விரலால் நாக்கைப் பிடித்து இழுத்தாள்.

அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாயைத் தாண்டி ஓடி அவளை மடியிலிருந்து பிடுங்கினேன். அதற்குள் உதடு வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. "முந்திரி போட்டீங்களா?" என்று கத்தினேன். மச்சான் எழுந்து நின்றான். "கொஞ்சம் பொறுங்க மச்சான், அடங்கிடும்" என்றான். நான் பொறுக்கவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி, அவர்கள் வீட்டில் யாரையும் ஏறவிடாமல் மனைவியை மட்டும் இழுத்துப்போட்டுக்கொண்டு, பண்ருட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடையில் ஊசி போட்டார்கள். மகளின் நகம் நீலமாக இருந்ததை நான் பார்த்தேன். அது எனக்குச் சாகும்வரை மறக்காது.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் கடலூருக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் மூச்சு சீராகித் தூங்கினாள். மச்சான் பின்னாலேயே பைக்கில் வந்து வார்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். நான் வெளியே வந்ததும் அவனாகவே சொன்னான். எதையும் மறைக்கவில்லை.

"லீவுல வந்தப்போ தெனம் பால்ல ஒரு சிட்டிகை முந்திரி மாவு போட்டேன் மச்சான். மொதல்ல ஒதடு தடிச்சிது, அப்புறம் ஒண்ணும் ஆவல. அடி மேல அடி வெச்சா அம்மியும் நவுரும். பழகிடுச்சின்னு நெனச்சித்தான் காப்பரிசியில முந்திரியப் பொடிச்சிப் போட்டேன். எல்லார் முன்னாடியும் அவள சாப்பிட வெச்சிக் காட்டணும்னு ஆசப்பட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கை இரண்டையும் விரித்து என் முன்னால் நீட்டினான். எங்கள் எல்லாருக்கும் இப்படித்தானே பழகியது என்றான். அவனுக்கு அது அத்தாட்சி. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். வாட்ச்மேன் வந்து பிரித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியவர் வார்டு டாக்டர். சின்ன வயசுப் பெண். உள்ளங்கைத் தோல் காய்ப்பது வேறு, உடம்பு ஒன்றை எதிரி என்று எடுத்துக்கொள்வது வேறு என்றார். அப்படி எடுத்துக்கொண்ட உடம்பு அந்த எதிரியை மறக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிற வைத்தியம் உண்டு, அது ஆஸ்பத்திரியில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்வது, பால் டம்ளரில் சிட்டிகை போட்டுச் செய்வதில்லை என்றார். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முடிந்ததும், "அப்ப அவளுக்குப் பிடிக்காம இல்ல, அப்பிடித்தானே?" என்று கேட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இவன் காதில் விழுந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. நாங்கள் நோயைச் சொன்னபோதெல்லாம் அவன் வெறுப்பைக் கேட்டிருக்கிறான். வெறுப்பு என்றால் கொஞ்சலாம், கெஞ்சலாம், ஏமாற்றிக்கூட மாற்றலாம். அவன் ஆசையாகத்தான் மாற்றப் பார்த்தான். ஆசையாகச் செய்தான் என்பதால் என் கோபம் குறையவில்லை, ஜாஸ்திதான் ஆனது.

வீடு திரும்பிய வாரமே சித்தப்பா போன் செய்தார். அவன் என்ன விஷமா வைத்தான், தாய்மாமன் பிரியமாகக் கொடுத்தான், பிள்ளைதான் நல்லாயிருக்கிறதே என்றார். கடைசியில், "இதுக்குப் போயி அவன் மேல இம்மாம் அலர்ஜி வேணாம் மாப்ள" என்றார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதோடு அவர் என்னிடம் பேசுவதில்லை, எனக்கும் காது சுகமாக இருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நீலமான நகத்தைப் பார்த்த பிறகும் தெரியாதவர்களை என்ன செய்வது?

மகள் ஒரு காதில் மட்டும் தோடோடு பள்ளிக்கூடம் போனாள். பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னொரு தோடு தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். தெருவில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், என் கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். முதலில் விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அலர்ஜியா" என்று சாதாரணமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு தொலைந்துவிட்டது என்றே சொல்லத் தொடங்கினேன். அதற்கு எல்லாரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

இடது காதை நானே கூட்டிக்கொண்டுபோய்க் குத்திவிடுகிறேன் என்றேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் அண்ணனோடு பேசாமல்தான் இருந்தாள். என்னைவிடக் கோபம் அவளுக்கு. ஆனாலும் ஒருநாள் அழாமல், சண்டை போடாமல் சொன்னாள்: "அவன் மடியில ஒரு காது, வேற மடியில ஒரு காதுன்னா, அப்புறம் காலத்துக்கும் எனக்கு அண்ணன் இல்ல." அவள் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை. சரி என்றேன். இங்கே, சிதம்பரத்தில், பத்தர் கடையில், கூட்டம் இல்லாமல், தின்பதற்கு ஒரு பொருளும் இல்லாமல். இவ்வளவும் ஒத்துக்கொண்டால் வரட்டும் என்றேன்.

மச்சான் வந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே ஒரு லாட்ஜில் குளித்து, புது வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். பழையதைப் பையில்கூட எடுத்துவரவில்லை, லாட்ஜிலேயே விட்டுவிட்டானாம். "நேத்துலேந்து கம்பெனிப் பக்கம் போவல" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் வாங்க என்று மட்டும் சொன்னேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனைவிக்காக நின்றேன்.

பத்தர் கடையில் ஒரு பெஞ்சு. மச்சான் உட்கார்ந்து இரண்டு கையையும் துண்டில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டான். மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மாமாவைப் பிடிக்கும். அதில் எந்த மாற்றமும் இல்லை. தோளில் சாய்ந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பத்தர் காது மடலைத் தேய்த்துவிட்டு, மையால் புள்ளி வைத்தார்.

கம்பி இறங்கியது. அவள் உடம்பு விறைத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் முட்டி வெளுக்கும் அளவுக்குப் பொத்தியிருந்தாள். பத்தர் தோட்டைத் திருகி முடித்தும் அவள் கையை எடுக்கவில்லை. அழுகை மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

நான் வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்தது எதற்கு என்பதும், டாக்டர் பொறுமையாகச் சொன்னதும் அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். மச்சானின் முகம் கோணிப்போனது. காய்த்துப்போன உள்ளங்கைகளை மேலே தூக்கி, வெறுமையாக, அவள் கண்ணுக்கு முன்னால் விரித்துக் காட்டினான்.

"வாயத் தொறந்து அழு கண்ணு" என்றான். "மாமா ஒண்ணும் தரமாட்டேன். பாரு, கையில ஒண்ணுமில்ல. வாயத் தொறந்து அழு."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.